தள்ளத் தெரியாதது

குத்தாயிசியில், பனி சகதியாகிக் கிடந்த ஒரு மார்ச் காலை,
லாரியிலிருந்து சரிந்த மாவு மூட்டையை
லமாரா தாவிப் பிடித்தாள். பிடித்திருக்கக் கூடாது.
ஐம்பது கிலோ.
மடங்கியிருந்த வலக்கையை மூட்டை நீட்டப் பார்த்தது,
கை நீள மறுத்தது.
டப்பென்று ஒரு சத்தம்.
கயிறுதான் அறுந்துவிட்டதென்று
ஓட்டுநர் இறங்கிப்போய்ப் பார்த்தான்.

கயிறு நன்றாகவே இருந்தது.
அறுந்தது முழங்கைக்குக் கீழே, தோலுக்குள்,
நாண்.
வில்லில் இருப்பதற்கும் அதே பெயர்தான்.
பிடி விட்டுப்போன தசை மேலே சுருண்டு
புஜத்தில் எலுமிச்சை அளவில் உட்கார்ந்துகொண்டது,
பாதிச் சாப்பாட்டில் கோபித்து மாடியேறியவனைப் போல.

ஆனாலும் கை மடங்கியது!
தேநீர்க் குவளை வாய்வரை வந்து சேர்ந்தது.
புடைத்து நின்று பேர் வாங்குவது இருதலைத் தசை.
அதற்கடியில் படுத்துக் கிடந்து
முழங்கையை மடக்கிக்கொண்டே இருக்கும் இன்னொன்றை
எந்தக் கண்ணாடி முன்னாலும் எவனும் முறுக்கிக் காட்டியதில்லை.
அது அன்றும் வேலைக்கு வந்திருந்தது.

வராதது வேறு.
இரவு வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்தாள்.
உள்ளங்கை வானம் பார்க்க மாட்டேனென்றது.
தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடுமாம்.
சதை ஆடியது.
சாவி ஆடவில்லை.

டாக்டர் எசெபுவா மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்தார்,
ஒரு கோடு, ஒரு கீல், மறுபடி ஒரு கோடு.
"நாண் பிடித்திருந்த இடம் கீலுக்கு மூன்று விரற்கடை கீழே.
நீங்கள் சுமப்பது ஒரு முழம் தள்ளி.
கையில் ஒரு கிலோ என்றால் உள்ளே ஏழெட்டுக் கிலோ இழுவை."
"நஷ்ட வியாபாரம்," என்றாள் ரொட்டிக்காரி.
"வேகம் லாபம். தசை மூன்று விரற்கடை சுருங்கினால்
கை ஒரு முழம் பாய்ந்துவிடும்."

அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
தலைகீழாகக் குனிந்து, தோனே அடுப்பின் கொதிக்கும் சுவரில்
நாளுக்கு இருநூறு மாவுத் துண்டங்களை அறைந்து ஒட்டுகிறவள்.
"அப்போ தள்ளுவதற்கு எது?"
"எதுவுமில்லை.
பின்னாலிருக்கும் முத்தலைத் தசை
முழங்கை முனையைத் தன் பக்கம் இழுக்கிறது. கை முன்னால் போகிறது.
அந்த நேரம் எதிரிலிருப்பது தளர்ந்து கொடுக்க வேண்டும்,
இரண்டும் பிடித்துக்கொண்டால் கை வெறும் கட்டை.
தள்ளுகிற தசை என்று உடம்பில் ஒன்றுகூட இல்லை, அம்மா."

கடைப் பங்குத் தகராறில்
தம்பி உஷாங்கியை நெஞ்சில் கைவைத்துத் தள்ளியிருக்கிறாள்,
வாசற்படியில், ஏழு வருடம் முன்பு.
"அதுவுமா?" என்று கேட்க நினைத்து,
கட்டணம் எவ்வளவு என்று கேட்டாள்.

எலும்பில் துளையிட்டு, நாணைக் கீழே இழுத்து,
சட்டைப் பொத்தானைவிடச் சின்ன உலோகப் பொத்தானில் கட்டினார்கள்.
கை கட்டில்.
நான்காம் நாள் அதிகாலை அடுப்பில் யாரோ திராட்சை விறகு போட்டிருந்தார்கள்.
உஷாங்கி.
வணக்கமும் இல்லை, விசாரிப்பும் இல்லை.
அவன் ஒட்டிய ரொட்டிகளில் பாதி நழுவிச் சாம்பலில் விழுந்தன.
"இன்னும் உள்ளே குனி," என்றாள் மூன்றாம் வாரம்.
அது மட்டும்தான் பேச்சு.
குனிந்தான். புருவம் கருகியது.

பிறகு சுத்தியல் பயிற்சி.
கைப்பிடியின் கடைசியைப் பிடித்து, மெதுவாக,
இடமிருந்து வலம் சாய்க்க வேண்டும்.
எடை தன் இஷ்டத்துக்கு விழுந்தது.
பிறகு யோசித்து விழுந்தது.
ஜூன் மாதத்தில் ஒருநாள் விழவில்லை.

அன்றிரவு
ரியோனி ஆற்றின் இரைச்சல் படியேறி வந்துகொண்டிருக்க,
சாவியை நுழைத்தாள்.
உள்ளங்கை கொஞ்சம் தயங்கி, வானம் பார்த்தது.
பூட்டு திறந்தது. கதவைத் தள்ளினாள்.
எசெபுவா கணக்கில்,
இழுத்தாள்.